எஞ்சினை இறக்கிய பிறகும்

திருமயத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிய ஷேக் பரீது சாமான் பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு செம்மண் பாதையில் நடந்தான். சித்திரை பாதி கடந்திருந்தது. காலை நேரம்தான். அதற்குள் கோட்டைப் பாறை அனல் விட ஆரம்பித்திருந்தது. வழியில் இருந்த கண்மாய் அடிவரை வெடித்துக் கிடந்தது. கருவேல மரத்தடியில் ஒரு நாய், நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு, அவனைப் பார்த்துக் குரைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுப் பேசாமல் கண்ணை மூடிக்கொண்டது.

பரீது கோட்டைப்பட்டினத்துக்காரன். வாலிப வயதெல்லாம் பினாங்கில் ஒரு பட்டறையில் கழிந்தது. அங்கே தெருவுக்குத் தெரு ஓடிய ஜெர்மன் வேன்கள் அவன் கைக்குப் பழகியவை. எஞ்சின் பின்பக்கம் இருக்கும். ரேடியேட்டர் கிடையாது. ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்காது. காற்றை இழுத்துத் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும். ஊர் திரும்பிப் புதுக்கோட்டையில் பட்டறை போட்டபோது, இனி அந்த எஞ்சினைத் தொடவே வாய்க்காது என்றுதான் நினைத்திருந்தான். திருமயம் பக்கத்து ஊரில் அப்படியொரு வேன் இருக்கிறது, பார்த்த மெக்கானிக்குகள் எல்லாம் கைவிட்டுவிட்டார்கள், வந்து பார்க்க வேண்டும் என்று ஆள் வந்து சொன்னபோது அவனுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

வீடு பெரியது. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடந்தது. வண்டி பின்பக்கம் நிற்கிறது என்றார்கள். சுற்றிக்கொண்டு போனான். பின்வாசல் கேட்டுக்கு வெளியே, வெயிலில், ஒரு ஆள் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். தலையில் போட்டிருந்த துண்டு தோளில் சரிந்திருந்தது. அதை இழுத்துவிட்டுக்கொள்ளக்கூட அவன் கை எடுக்கவில்லை.

"வண்டி பாக்க வந்தீங்களா பாய்?"

"ஆமா."

"எம் பேரு இருளாண்டி. எம் பொஞ்சாதி பொன்னம்மா இந்த வீட்டுலதான் வேலை பாத்தா. போன சித்திரையில வேலைக்கு வந்தவ வீட்டுக்கு வரல. ஆச்சியோட வைர மூக்குத்தியத் திருடிக்கிட்டு ஓடிட்டான்னு சொல்றாங்க." அவன் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. பலமுறை சொல்லிச் சொல்லி வழவழப்பாகிப் போன பேச்சு. "அவ ஓடுற ஆளு இல்ல பாய். உள்ள எதும் கண்ணுல பட்டா எனக்குச் சொல்லுங்க."

பரீது தலையசைத்துவிட்டு உள்ளே போனான்.

வேன் முற்றத்தின் நடுவில் நிழலே இல்லாத இடத்தில் நின்றது. முன்னால் இரண்டு பேர் உட்கார இடம். அவர்கள் முதுகுக்குப் பின்னால் கூரைவரை ஒரு தகரத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் சாமான் ஏற்றும் அறை. அதற்கு ஜன்னல் கிடையாது. பக்கவாட்டில் கதவு, வெளிப்பக்கம் மட்டும் கைப்பிடி. சாமான் எந்தக் காலத்தில் உள்ளேயிருந்து கதவைத் திறந்தது என்று நினைத்துச் செய்த வண்டி.

வீட்டுக்காரர் அடைக்கப்பன் பின்கட்டு நிழலில் நின்று வரவேற்றார். ஐம்பது வயது இருக்கும். வெள்ளை வேட்டி, கையில் பனையோலை விசிறி, விரலில் பெரிய பச்சைக்கல் மோதிரம்.

"வாங்க பாய். சனிக்கிழமை நாகப்பட்டினத்துல கப்பல். பினாங்குக்குப் போறேன், இனித் திரும்புற உத்தேசம் இல்ல. பெட்டியெல்லாம் இதுலதான் போகணும். எஞ்சின்ல அடி விழுது. பேரிங் போச்சுங்கிறானுக, பிஸ்டன் போச்சுங்கிறானுக. ஒருத்தனுக்கும் தெரியல."

டிரைவர் மரியசெல்வம் ஆவூர்க்காரன். வேலைக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது. கழுத்தில் ஜெபமாலை. வண்டியில் ஏறும்போது அவன் முதுகைச் சாய்க்காமல், அந்தத் தடுப்புத் தகரத்தில் சட்டைகூடப் படாமல், ஸ்டியரிங்கை ஒட்டி முன்னால் குனிந்தே உட்கார்ந்ததைப் பரீது கவனித்தான்.

எஞ்சின் கிளம்பியது. பரீது பின்பக்க மூடியைத் திறந்து, நீளமான திருப்புளியின் முனையை எஞ்சின் மேல் வைத்து, மரப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டான். தேயும் பாகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் உண்டு. வால்வு இடைவெளி கூடினால் தையல் மிஷின் ஓடுவதுபோலக் கேட்கும். பிஸ்டன் தளர்ந்தால் குளிரில் கிலுகிலுத்துச் சூடேறியதும் அடங்கும். ராடு பேரிங் போனால் கல்லில் சுத்தியல் பட்டதுபோலக் கணீரென்று அடிக்கும். கிராங்க் பேரிங் போனால் சத்தம் காதுக்கு வராது, பாதத்துக்கு வரும்.

இங்கே எல்லாக் குரலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. எஞ்சின் தேய்ந்துதான் போயிருந்தது. ஆனால் அவை எல்லாவற்றுக்கும் மேலே இன்னொன்று கேட்டது.

தொம். தொம்.

"கொஞ்சம் மிதி," என்றான். மரியசெல்வம் மிதித்தான். எஞ்சின் சீறிக்கொண்டு வேகம் பிடித்தது. வேகம் கூடினால் அடியும் கூட வேண்டும். எந்தப் பாகம் தேய்ந்திருந்தாலும் அதுதான் விதி.

அடி கூடவில்லை. தன் போக்கில், சலிப்போடு, ஒரே நிதானத்தில் விழுந்துகொண்டிருந்தது.

நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினான். சாவி திரும்பியது. எஞ்சின் ஒருமுறை உதறிவிட்டு நின்றது.

அடி நிற்கவில்லை.

தொம். தொம். கொஞ்சம் இடைவெளி. தொம்.

பிறகு அதுவும் ஓய்ந்தது. மரியசெல்வம் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இறங்கினான்.

"வெயில்ல தகரம் விரியுது," என்றார் அடைக்கப்பன் நிழலில் இருந்தபடியே. "பழைய வண்டின்னா அப்படித்தான்."

இருக்கலாம் என்று பரீது எண்ணிக்கொண்டான். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டராக விரலால் அடைத்துக்கொண்டு புல்லியைக் கையால் சுற்றினான். நான்கில் மூன்று சிலிண்டர்கள் விரலைத் தள்ளின. மூன்றாம் நம்பர் மட்டும் சாகக் கிடப்பவன் மூச்சுபோல மெல்ல ஊதியது. ஆயிலை வடித்தான். கரி மாதிரி கறுத்து, தீய்ந்த வாடையோடு இறங்கியது. உள்ளங்கையில் விட்டுத் தேய்த்தபோது அதில் உலோகத் தூள் மினுங்கியது. மைல் மீட்டரைப் பார்த்தால் வண்டி அதிகம் ஓடவில்லை. உள்ளேயோ கிழட்டு லாரி எஞ்சின்போலத் தேய்ந்திருந்தது. இது ஓடித் தேய்ந்த தேய்மானம் அல்ல. வெந்து தேய்ந்தது. இந்த எஞ்சினுக்குக் காற்று கிடைக்கவில்லை.

"எறக்கிப் பாக்கணும் மொதலாளி."

"எறக்குங்க. நாளைக்கு ஓடணும், அவ்வளவுதான்."

பரீதும் மரியசெல்வமும் சேர்ந்து எஞ்சினை ஜாக்கியில் தாங்கி இறக்கி, சாக்கின் மேல் வைத்துக் கொட்டகை நிழலுக்கு இழுத்து வந்தார்கள். வேன் முற்றத்து நடுவில் வெற்று வயிற்றோடு நின்றது.

அதற்குள் உச்சிப்பொழுது நெருங்கிவிட்டது. வீட்டுக்குள் பாத்திரச் சத்தம் நின்றது. பின்கட்டு ஜன்னல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தப்பட்டன. கூரையில் கத்திக்கொண்டிருந்த காகங்கள் எப்போது போயின என்று தெரியவில்லை. மரியசெல்வம் சட்டைப் பையிலிருந்து பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் திணித்துக்கொண்டான்.

"என்ன அது?" என்றான் பரீது.

மரியசெல்வம் வேனைக் கண்ணால் காட்டினான்.

தொம்.

பரீது எஞ்சினைப் பார்த்தான். அது அவன் காலடியில், சாக்கின் மேல், ஆயில் சொட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது.

தொம். தொம்.

வேனிலிருந்துதான் வந்தது. எஞ்சின் இல்லாத வேனிலிருந்து.

அது உள்ளங்கையால் தகரத்தைத் தட்டும் சத்தம். அடித்து அடித்துக் கை ஓய்ந்து, கொஞ்சம் விட்டு மறுபடி தட்டும் சத்தம். காலையில் எஞ்சினோடு கேட்டபோது அடையாளம் தெரியவில்லை. இப்போது தனியாகக் கேட்டபோது ஒரு பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

"இங்கிட்டு வந்துருங்க பாய்," மரியசெல்வம் கிசுகிசுத்தான். "எஞ்சின் ஓடினாத் தட்டும், மத்தியானமானா ஓடாமலே தட்டும். யாரும் கிட்டப் போகக் கூடாது, காது குடுக்கக் கூடாது, என்ன சத்தம் கேட்டாலும் திறக்கக் கூடாது. மொதலாளி உத்தரவு. போன வருஷத்துல இருந்து இந்த வீட்டுல இதுதான் சட்டம்."

பரீது எழுந்தான். வாய் தானாக பிஸ்மில்லா சொன்னது. முற்றத்து மண் செருப்பையும் மீறிச் சுட்டது. வேனை நெருங்க நெருங்கத் தட்டல் வேகமானது, காலடிச் சத்தம் கேட்டதுபோல. கைப்பிடியைத் துணியால் பிடித்துத் திருகி இழுத்தான்.

சத்தம் நின்றது.

அடுப்பு வாயைத் திறந்ததுபோல வெக்கை முகத்தில் அடித்தது. அதோடு ஒரு வாடை. பெட்ரோல் இல்லை, ஆயில் இல்லை. வேர்வையும் தேங்காயெண்ணெயும். அறைக்குள் ஒருவரும் இல்லை. கதவின் உட்பக்கம், தரையில் உட்கார்ந்திருப்பவர் கை எட்டும் உயரத்தில், பெயிண்ட் நகத்தால் சுரண்டப்பட்டிருந்தது. கோடு கோடாக, கோட்டின் மேல் கோடாக. சில கோடுகள் கறுப்பாக உறைந்திருந்தன.

தரைத் தகரத்தில் ஈரம் இருந்தது. ஒரு ஆள் ஒருக்களித்துப் படுத்தால் விழும் ஈரம். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஓரத்திலிருந்து சுருங்கி, தோள் காய்ந்து, இடுப்பு காய்ந்து, ஒன்றுமில்லாமல் போயிற்று.

பரீது கதவை மூடவில்லை. அகலத் திறந்தபடியே விட்டுவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பினான். பார்த்ததைத் தாங்க அவனுக்கு ஒரே வழிதான் தெரியும். வேலை. எஞ்சினின் மேல் இருந்த விசிறிக் கூட்டைக் கழற்ற ஆரம்பித்தான்.

உள்ளே துணி.

விசிறி எதையாவது இழுத்துக்கொள்வது உண்டு. பினாங்கில் கந்தல், காகிதம், ஒருமுறை கோழி இறகுகூடப் பார்த்திருக்கிறான். முனையைப் பிடித்து இழுத்தான். வந்தது. இன்னும் இழுத்தான். இன்னும் வந்தது. அரக்கில் மஞ்சள் கட்டம் போட்ட கண்டாங்கி. முழம் முழமாக வந்துகொண்டே இருந்தது. சுற்றிலும் இரும்பு சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. மூன்றாம் சிலிண்டருக்குக் காற்று போகும் வழி முழுக்க அந்தத் துணிதான் அடைத்திருந்தது. ஆனால் ஒரு நூல்கூடக் கருகவில்லை. எண்ணெய்க் கறை இல்லை. முந்தி வெளியே வந்து விழுந்தபோது ஒரு முழுச் சேலை அவன் மடியில் கிடந்தது.

நனைந்திருந்தது. விரலை நாக்கில் வைத்தான். உப்பு.

"அது பொன்னம்மா சேலை."

பரீது திரும்பினான். பின்கட்டுக் கதவருகே அடைக்கப்பனின் மனைவி ராஜேஸ்வரி ஆச்சி நின்றிருந்தாள். மூக்கில் வைரம் இல்லை, துளை மட்டும் இருந்தது. அருகே வரவில்லை. உதடு அசைவது தெரியாமல் பேசினாள்.

"மூக்குத்தியக் காணோம்னு நான்தான் சொன்னேன். இவுக அவள அந்த வண்டிக்குள்ள போட்டுப் பூட்டிட்டாக. உண்மையச் சொல்றவரைக்கும் கெடக்கட்டும்னாக. சாவிய இடுப்புல சொருகிக்கிட்டுச் சாப்புட்டுப் படுத்துட்டாக. மத்தியானம் பூரா தட்டினா. தண்ணி தண்ணின்னு கேட்டா. அப்பறம் தட்டல."

"யாரும் போய்த் திறக்கலையா ஆச்சி?"

"போகக் கூடாதுன்னாக." அவள் வேனைப் பார்த்தாள். "சாயங்காலம் மொகம் கழுவப் போனேன். சாக்கடை வாயில மூக்குத்தி கெடந்துச்சு."

"ஒடம்பு?"

"இருட்டுனதும் வண்டி போச்சு. விடியறதுக்குள்ள வந்துருச்சு. பழைய டிரைவருக்குத்தான் தெரியும், அவன் மறுநாளே ஊரை விட்டுப் போயிட்டான்." பிறகு கேட்டாள். "வண்டி ஓடுமா பாய்? இவுக கப்பலேறிப் போயிருவாகளா?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் உள்ளே போய்விட்டாள்.

வெயில் தாழ்ந்து அடைக்கப்பன் வந்தபோது அவன் சேலையை அவர் முன்னால் நீட்டினான். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கையிலிருந்த ஓலை விசிறி மட்டும் ஒரு கணம் நின்று மறுபடி அசைந்தது.

"துணி அடைச்சிருக்கு. எடுத்தாச்சுல்ல? எரிச்சிருங்க."

"மொதலாளி, இது வந்து…"

"பாய்." அவர் குரல் உயரவே இல்லை. "நான் வண்டியப் பாக்கத்தான் ஆள் கூப்பிட்டேன். ஊர்க்கதை பாக்க இல்ல. புதுக்கோட்டையில பட்டறை வச்சிருக்கீங்க. அது நாளைக்கும் அங்கேயே இருக்கணும்னு நெனைக்கிறீங்கல்ல? போலீசு, கோர்ட்டு கச்சேரி எல்லாம் என் வீட்டுல காப்பி குடிச்சிட்டுப் போறவங்கதான்."

பரீது சேலையை மடித்தான். அவர் கண்ணெதிரில் அதைக் கொட்டகை அடுப்புப் பக்கம் கொண்டுபோனான். அவர் திரும்பியதும் தன் சாமான் பையில் வைத்துக்கொண்டான்.

அன்று இரவு கொட்டகையில்தான் படுத்தான். இரவில் ஒன்றுமே நடக்கவில்லை. வேன் நிலவில் சாதுவாக நின்றது. வீட்டுப் பெண்கள் விளக்கில்லாமல் முற்றத்தைக் கடந்து கிணற்றடிக்குப் போய்வந்தார்கள். அந்த வீட்டில் யாரும் இருட்டுக்குப் பயப்படவில்லை.

வெள்ளிக்கிழமை விடியலிலேயே வேலையைத் தொடங்கினான். பினாங்கிலிருந்து கொண்டுவந்து பத்திரமாக வைத்திருந்து, இங்கேயும் கையோடு எடுத்து வந்திருந்த சிலிண்டரையும் பிஸ்டனையும் மூன்றாம் நம்பரில் போட்டான். வால்வைப் பொடி போட்டுத் தேய்த்து உட்கார வைத்தான். ஓடிப்போய்விடலாம் என்று இடையில் ஒருமுறை தோன்றியது. ஆனால் கேட்டுக்கு வெளியே இருளாண்டி உட்கார்ந்திருந்தது தெரிந்தது. வேலையை முடிக்காமல் போனால் அடைக்கப்பனின் ஆட்கள் பையைச் சோதிப்பார்கள். முடித்துக் கொடுத்துவிட்டு, பையோடு கௌரவமாகக் கேட்டைத் தாண்டி, சேலையை அதற்குரியவன் கையில் சேர்த்துவிட வேண்டும். பிறகு அல்லா விட்ட வழி.

முற்பகலில் எஞ்சின் ஏறியது. சாவி திரும்பியதும் பூப்போல ஓடியது. பரீது திருப்புளியைக் காதில் வைத்துக் கேட்டான். சின்னக் கிலுகிலுப்புகூட இல்லை. அந்த இன்னொரு சத்தமும் இல்லை.

"அப்படிச் சொல்லுங்க," என்றார் அடைக்கப்பன். முதல்முறையாகச் சிரித்தார். "எல்லாம் துணி பண்ணின வேலை."

தோல் பெட்டிகளும் டிரங்குப் பெட்டிகளும் வந்தன. வழியில் குடிக்க ஒரு பித்தளைக் கூஜா நிறையத் தண்ணீர் வந்தது. மரியசெல்வம் எல்லாவற்றையும் கதவு விளிம்பில் வைத்தான். உள்ளே காலெடுத்து வைக்க மறுத்துவிட்டான். அடைக்கப்பன் அவனை ஒரு வசை வைதுவிட்டு, வெயில் தாழக் கிளம்பலாம் போய்ச் சாப்பிடு என்று விரட்டினார். பரீதும் ஜும்மாவுக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டு பையைத் தூக்கினான்.

கேட்டுக்கு வெளியே இருளாண்டியின் முன்னால் உட்கார்ந்து பையைத் திறந்தான்.

சேலையைத் தொடுவதற்கு முன்பே இருளாண்டிக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு கையாலும் வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டான். வெகுநேரம் எடுக்கவில்லை.

"பொன்னமராவதிச் சந்தையில எடுத்தது," என்றான் துணிக்குள்ளிருந்து. "ஈரமா இருக்கே பாய். யாரு நனைச்சா?"

பரீது ஆச்சி சொன்னதைச் சொன்னான். முழுதும் சொன்னான். இருளாண்டி அழவில்லை. கேட்டுக் கம்பிகளுக்கிடையே வேனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டு ஜன்னல்கள் சாத்தப்படும் சத்தம் கேட்டது. ஒன்று. இன்னொன்று. காகங்கள் போய்விட்டிருந்தன. மரியசெல்வம் காதில் பஞ்சோடு சமையல்கட்டுப் பக்கம் போவது தெரிந்தது.

தொம்.

"தட்டுறா," என்றான் இருளாண்டி.

தொம். தொம். தொம்.

பரீது தலையைச் சாய்த்தான். என்னமோ சரியில்லை. நேற்றுக் கேட்டது உள்ளங்கைச் சத்தம். தொய்ந்த, மெத்தென்ற சத்தம். இது விரல் முட்டி. அவசரம். ஒவ்வொரு அடியோடும் சன்னமாக ஒரு கீறல் கேட்டது, கல் தகரத்தில் உரசுவதுபோல. மோதிரம்.

பெட்டிகளை அடுக்க உள்ளே ஏறியிருக்கிறார்.

"உள்ள மொதலாளி இருக்காரு," என்றான் பரீது.

"அப்படிங்களா," என்றான் இருளாண்டி. எழுந்திருக்கவில்லை.

பரீது ஓடினான். முற்றத்தில் பாதி தூரத்தில் நிமிர்ந்து பார்த்தான். பின்கட்டில் ஒரு ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. அதில் ராஜேஸ்வரி ஆச்சி நின்றிருந்தாள். வேனை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஏறியதையும் கதவு மூடியதையும் அவள் பார்த்திருக்கிறாள் என்பது அந்த நிற்பிலேயே தெரிந்தது. அவள் பரீதைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் கதவை மெதுவாக இழுத்துச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

வீட்டில் இத்தனை பேர் இருந்தார்கள். எல்லாரும் தட்டலைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவரும் வர மாட்டார்கள். அவரே போட்ட உத்தரவு.

கைப்பிடியைப் பிடித்தான். சூட்டில் உள்ளங்கைத் தோல் ஒட்டிக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினான். பாதி திரும்பியது.

பிறகு அது எதிர்ப்பக்கம் திரும்பியது.

உள்ளே கைப்பிடி கிடையாது. அவன் அந்த வண்டியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தவன். உள்ளே பிடித்துத் திருக ஒன்றுமே கிடையாது. ஆனால் யாரோ அவன் கைக்கு எதிராக, அவசரமில்லாமல், உறுதியாக, அதைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

"பாய்."

கதவு இடுக்கிலிருந்து வந்தது. மிகத் தாழ்ந்த குரல். விருந்தாளியிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லும் வீட்டுப் பெண்ணின் குரல்.

"இன்னும் முடியல பாய். நீங்க அங்கிட்டுப் போங்க."

அந்தக் குரலுக்குப் பின்னால், ஆழத்தில், ஒரு ஆண்குரல் தண்ணி என்றது.

பரீது கையை எடுத்தான்.

கடப்பாரை கொட்டகையில்தான் இருந்தது. அவனுக்குத் தெரியும். கூப்பாடு போட்டிருந்தால் முன்தெருவிலிருந்து ஆள் வந்திருக்கும். அதுவும் தெரியும். அவன் திரும்பி நடந்து வந்து, இருளாண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டான். வெந்துபோன கை துடித்தது. தட்டல் வேகமாக விழுந்தது. பிறகு இடைவெளி விட்டு விழுந்தது. பிறகு விரல் முட்டி ஓய்ந்து, உள்ளங்கையால் விழுந்தது. பிறகு இல்லை.

நிழல் சுவரின் இந்தப் பக்கம் திரும்பியபோது, காற்றே இல்லாத முற்றத்தில், வேனின் கதவு தானாகத் திறந்தது.

இருளாண்டி சேலையை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தான். "இப்பப் போங்க பாய்," என்றான். "ஆளக் கூப்பிடுங்க."

வெயில் தாக்கியதில் இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதினார். ஒரு ஆள் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அப்படி வற்றிப்போவது எப்படி என்பதை அவர் எழுதவில்லை. அடைக்கப்பன் கண்மாய்ச் சேறு காய்ந்ததுபோல உதடு பிளந்து, கதவருகே சுருண்டு கிடந்தார். அவர் மடியில், இரண்டு கைகளுக்கும் நடுவில், மூடி திறந்த கூஜா இருந்தது. அதில் தண்ணீர் விளிம்புவரை, ஒரு மடக்கும் குறையாமல், தளும்பிக்கொண்டிருந்தது.

அதன்பிறகு ராஜேஸ்வரி ஆச்சி போலீசில் எல்லாவற்றையும் சொன்னாள். பழைய டிரைவரைத் தேடிப் பிடித்தார்கள். அவன் காட்டிய செம்பாறைக் குழியில் பொன்னம்மாளின் எலும்புகள் கிடைத்தன. இருளாண்டி அவற்றை அந்தச் சேலையில் கட்டி எடுத்துப்போய் முறைப்படி அடக்கம் செய்தான். பரீதும் போயிருந்தான். ஒரு பிடி மண் போட்டான்.

வேனை யாரும் வாங்கவில்லை. ஆச்சி கேட்டுக்கொண்டதால் பரீது எஞ்சினை மறுபடி இறக்கி, பாகம் பாகமாகப் பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டான். வெறும் வண்டியை மாடு கட்டி இழுத்துக் கொண்டுபோய், ரோட்டோரப் பொட்டலில் சக்கரங்களையும் கழற்றி, அங்கேயே விட்டு வந்தார்கள். வேலை முடிந்தது என்றுதான் அவன் நினைத்தான்.

ஐப்பசியில் நல்ல மழை. மதுரைக்கு ஒரு சாமான் வாங்கப் போன பரீது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். திருமயம் தாண்டி, கண்மாய் உடைப்பெடுத்து ரோட்டில் தண்ணீர் போனதால் பஸ் நின்றுவிட்டது. சரியாக அந்தப் பொட்டலுக்கு எதிரே.

குளிர்ந்த சாயங்காலம். வேன் பஸ்ஸைப் பார்த்தபடி மழையில் நனைந்துகொண்டிருந்தது. மேலே செடி படர ஆரம்பித்திருந்தது.

"அதுக்குள்ள யாரோ ஒக்காந்திருக்காங்க போல," என்றாள் முன்சீட்டில் பிள்ளையோடு இருந்த ஒரு பெண். "பாவம், மழைக்கு ஒதுங்கியிருக்காங்க."

உள்ளே யாரும் இல்லை. பரீதுக்கு இருக்கைகள் இரண்டும் காலியாகத் தெரிந்தன. ஆனால் வேனின் முன்கண்ணாடி நடுவில் சட்டம் வைத்து இரண்டாகப் பிரித்தது. அந்த இரண்டு கண்ணாடியிலும், உட்பக்கம், ஆளுக்கொன்றாக, மூச்சு பட்டுப் பனித்திருந்தது.

இரண்டு பனிப்பும் விரிந்து சுருங்கின. இடது பக்கத்தது வெக்கையில் அடைபட்டவன் மூச்சு வாங்குவதுபோல வேகமாக. வலது பக்கத்தது நிதானமாக, ஒரு அவசரமும் இல்லாமல்.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது பக்கத்தது மெலிந்து, சுருங்கி, ஒரு புள்ளியாகி, மறையப் போனது. வலது பக்கத்தது அப்படியே நின்று காத்திருந்தது.

பிறகு இடது பக்கத்துக் கண்ணாடி மறுபடியும் மூச்சுவிட ஆரம்பித்தது.